ஜன்னலோர மெஷினுக்கு ஒரு ஜெபம்

1

இந்தக் கதை என்னிடம் வந்ததற்குக் காரணம், இன்னொருவர் இதை வேண்டாம் என்று சொன்னது. ஒரு சபைப் பத்திரிகை, மனநிறைவைப் பற்றிச் சிறப்பிதழ் போடுகிறது. முதலில் கேட்டது என்னையல்ல, என்னைவிடப் பெரிய எழுத்தாளரை. அவர் துறவைப் பற்றி எழுதிய நாவலுக்கு விருது வாங்க வெளியூர் போயிருந்தார். (அந்த விருது போன வருடமே தனக்கு வந்திருக்க வேண்டும் என்பது அவருடைய மனக்குறை. துறவுக்கும் வரிசையில் முந்திக்கொள்ள ஆள் உண்டு போலிருக்கிறது.) பந்தியில் ஓர் இலை காலியாகிவிட்டால் வாசலில் நிற்பவரைக் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள் இல்லையா, அப்படி என்னை உட்கார வைத்தார் பத்திரிகை ஆசிரியர்.

"சின்னதா, அமைதியா ஒரு கதை, சார். பொறாமைப்படுற ஒரு பொம்பள. கடைசியில திருந்திடறா. உங்களுக்கு இதெல்லாம் ஊதித் தள்ளுற வேலை."

"எப்படித் திருந்தறா?"

"அது தெரிஞ்சா நானே எழுதிருக்க மாட்டேனா?"

எப்படித் திருந்தினாள் என்பது இன்றுவரை எனக்கும் தெரியாது. கதை மட்டும் இருக்கிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மனித மனம் ஓர் ஆழ்கடல். அதன் அடியில் பொறாமை என்னும் சுறாமீன்…"

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே தாண்டிப் போய்விடுவேன்.

இரண்டாம் முயற்சி: "எதிரே இருந்த மாளிகையைப் பார்த்து அவள் பெருமூச்சு விட்டாள். அவளுடைய சிறிய வீட்டில்…"

இதுவும் பொய். மாளிகையைப் பார்த்தால் நமக்கு வாய் பிளக்கும், அவ்வளவுதான். வயிறு எரிவது பக்கத்து நாற்காலியைப் பார்த்து. ராஜா இன்னொரு ராஜ்யத்தைப் பிடித்தால் நாம் செய்தியில் படித்துவிட்டுத் தூங்கப் போகிறோம். கூட வேலை பார்ப்பவருக்கு ஒரு மேசை விசிறி வந்தால் தூக்கம் போய்விடுகிறது. கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில்தான் வயிற்றெரிச்சல் குடித்தனம் நடத்துகிறது.

மூன்றாம் முயற்சி: "ஆயத்த ஆடைக் கடை ஒன்றின் பின்னறையில் தையல் மெஷின்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் ஜன்னலோரம் இருந்தது."

இது நிற்கும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கடையின் முன்பக்கத்தில் கண்ணாடி, வாசனை, மெல்லிய சங்கீதம். பின்பக்கத்தில் குழல்விளக்கு, இஸ்திரி ஆவி, நூல் பிசிறு. வாங்கிய கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பதும், இடுப்பைப் பிடிப்பதும், அறுந்த பொத்தானைத் தைப்பதும் அந்த அறையின் வேலை. குழல்விளக்கின் கீழே கறுப்பும் கருநீலமும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். ஜன்னல் வெளிச்சத்தில்தான் இரண்டும் வேறு வீட்டுப் பிள்ளைகள் என்பது தெரியவரும்.

நம் கதையின் நாயகி ஒரு கருநீலக் கால்சட்டைக்குக் கறுப்பு நூலால் விளிம்படித்துவிட்டாள். வாங்கியவர் வெயிலில் போய் நின்று குனிந்து பார்த்துவிட்டு அதே வேகத்தில் திரும்பி வந்தார். சூப்பர்வைசர் திட்டியிருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவர் திட்டவில்லை. "விடுங்க, கண்ணு என்ன செய்யும் பாவம்" என்றார். அந்த 'பாவம்'தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்று முதல் அவளுக்கு ஜன்னலோர மெஷின் வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் மூத்த தையற்காரி மாதக் கடைசியில் வேலையை விட்டு மகளோடு இருக்கப் போகிறார் என்று தெரிந்த பிறகு, அந்த 'வேண்டும்' அவளோடு எழுந்து அவளோடு படுத்தது.

அப்படியானால் போய்க் கேட்க வேண்டியதுதானே?

அதுதான் முடியாது. அவளுக்கு எல்லோரும் வைத்திருக்கும் பேர், போதும்மா. தேநீர் ஊற்றினால் கோப்பையின் அடி நனைவதற்குள் "போதும்மா." நல்ல நாற்காலியைக் காட்டினால், முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு "இதுவே போதும்மா." சொல்லிச் சொல்லி அதுவே பேராகிவிட்டது. பேர் வாங்குவது சுலபம், வாங்கிய பேருக்குத் தீனி போட்டு வளர்ப்பதுதான் சிரமம். "போதும்மாவுக்கு எந்த மூலையைக் கொடுத்தாலும் சரிதான்" என்று சூப்பர்வைசர் நாலுபேர் முன்னால் மெச்சிக்கொண்டார். அவளும் தலைகுனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்போடு ஜன்னல் பாதி சாத்திக்கொண்டது.

4

இப்போது பக்திக்கு வருகிறேன். ஆசிரியர் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை மாலைகளில் போதகர் வீட்டு முன்னறையில் ஜெபக்குழு கூடும். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். நடுவில் ஒன்று. வேண்டுதல் உள்ளவர் நடு நாற்காலியில் உட்கார்ந்து தன் தேவையைச் சொல்ல வேண்டும். போதும்மா அவர் தலையில் கை வைத்து உரக்க ஜெபிப்பாள். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு "ஆமென்" சொல்வார்கள். அவள் ஜெபித்தால் நடக்கும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

காரணத்தையும் போதகரே சொல்லியிருந்தார். அவர் ஊழியத்துக்கு வருமுன் குழாய் வேலை பார்த்தவர், உவமைகள் எல்லாம் அந்தக் கருவிப் பெட்டியிலிருந்தே எடுப்பார். "நம்ம சகோதரி அடைப்பில்லாத குழாய். தனக்குன்னு ஒரு சொட்டு ஆசை கிடையாது. அதனால மேலேருந்து வர்றது அப்படியே கீழ வந்துடுது."

வந்தது. ஒருவருக்கு வேலை, ஒருத்திக்குக் குழந்தை. மூன்றாம் மாடியில் வீடு கிடைத்தவர் எழுந்து சாட்சி சொன்னபோது மின்தூக்கியையும் விட்டுவிடவில்லை. "நான் வீடுதான் கேட்டேன். அவரு லிஃப்ட்டோட கொடுத்தாரு!" எல்லோரும் "ஆமென்" என்றார்கள். இன்னமும் படியேறுகிறவர்கள் கொஞ்சம் உரக்கச் சொன்னார்கள்.

போதும்மாவும் சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள். ஊர் முழுக்க வாய்க்கால் வெட்டிவிட்டுத் தன் செடிக்குத் தண்ணீரில்லாமல் நிற்கிறோம் என்று அவளுக்குத் தோன்றும். தோன்றிய மறு நிமிடமே பயமும் வரும். குழாயே தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிட்டால் அதற்குக் குழாய் என்று பேரா? ஆகவே தனக்காக ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை.

[இந்த இடத்தில் ஒரு நீதி வாக்கியம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசிரியர் சொல்வார். இடம் விட்டிருக்கிறேன். அவரே எழுதிக்கொள்ளலாம்.]

5

அந்தச் சனிக்கிழமை நடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் அவளுடைய ஓரகத்தி, கணவனின் தம்பி மனைவி. அதே பின்னறையில், சுவரோர மூலை மெஷினில் வேலை பார்க்கிறவள். வேலையில் சேர்த்துவிட்டதே போதும்மாதான்.

"எங்க கடையில ஜன்னலோர மெஷின் காலியாகுது. அது எனக்குக் கிடைக்கணும்" என்றாள் ஓரகத்தி. "அந்த மூலையில எனக்கு மூச்சு முட்டுது. பகல் முழுக்க செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன். ரோட்டுல ஒரு மனுஷன் நடந்து போறதப் பாத்தாக்கூட போதும்." பிறகு கழுத்தைத் திருப்பி மேலே பார்த்துச் சிரித்தாள். "அக்கா ஜெபம் பண்ணா அடுத்த வாரமே சாட்சி சொல்லிடுவேன்."

போதும்மா அவள் தலையில் கை வைத்தாள். எண்ணெய் தடவி வாரிய தலை, வெதுவெதுப்பாக இருந்தது.

அந்தக் குழுவில் ஜெபத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. வளைக்காமல் கேட்பார்கள். வீடா, கொடும். வேலையா, கொடும். 'உமக்குச் சித்தமானால்' என்ற வார்த்தையை அவர்கள் வேறு ஒரு சந்தர்ப்பத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். வைத்தியர் கைவிரித்துவிட்ட பிறகு, படுக்கையைச் சுற்றி நின்று சொல்வதற்கு.

போதும்மா ஜெபித்தாள்: "ஆண்டவரே, உமக்குச் சித்தமானால், ஏற்ற காலத்திலே, இந்த மகளுக்கு எது நன்மை என்று நீர் காண்கிறீரோ, அதன்படியே…"

ஆமென் வருவதற்குச் சற்றுத் தாமதமாயிற்று. போதகர் ஒரு கண்ணைத் திறந்து, நடு நாற்காலியில் இருப்பவள் உடல்நலத்தோடுதான் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பக்தியில் அதைவிடப் பணிவான சொல் கிடையாது. அதை எடுத்துத்தான் அவள் ஓரகத்தியின் ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.

6

வெளியே படியிறங்கும்போது:

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"லிஃப்ட்டுக்காரருக்கு 'கொடும்'னு கேட்டீங்க. அவரு மச்சானுக்குக்கூட 'கொடும்'தான். எனக்கு மட்டும் ஏன் 'சித்தமானால்'? நான் என்ன சாகவா கெடக்குறேன்?"

"எல்லாமே அவர் சித்தம்தானேம்மா."

"அவருக்குச் சித்தமான்னு அவரு பாத்துக்குவாரு. உங்களுக்குச் சித்தமா? அதச் சொல்லுங்க."

போதும்மா செருப்பின் வாரைச் சரிசெய்தாள். வார் சரியாகத்தான் இருந்தது.

7

இங்கே கதையை நிறுத்தி ஓரகத்தியைப் பற்றி ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிட வேண்டும்.

முந்தைய பிரதியில் அவளைப் பொல்லாதவளாக எழுதியிருந்தேன். சூப்பர்வைசருக்கு முந்திரிக்கொட்டையாக வேலை செய்து காட்டுகிறவள், உதட்டுச் சாயம், கோள்மூட்டல், எல்லாம் கொடுத்திருந்தேன். எழுதுவது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. ஓரகத்தி பொல்லாதவள் என்றால் போதும்மா அவள்மேல் கொள்வது பொறாமையே அல்ல, நியாயமான கோபம். கோபக்காரர்களுக்கு நிம்மதி தேவையில்லை, ஆதரவாளர்கள் போதும்.

உதட்டுச் சாயத்தைத் துடைத்தேன். கோள்மூட்டலை எடுத்தேன். கடைசியில் மிஞ்சியவள் மூச்சு முட்டுகிற ஒரு பெண். நன்றாகச் சிரிக்கிறவள், கேட்க வேண்டியதை நேரே கேட்கிறவள். போதும்மாவால் ஒருநாளும் செய்ய முடியாததை நடு நாற்காலியில் உட்கார்ந்து சாதாரணமாகச் செய்துவிட்டுப் போகிறவள். எனக்கு இப்போது தோன்றுகிறது: போதும்மாவின் வயிறு எரிந்தது ஜன்னலுக்காக மட்டுமல்ல. 'எனக்கு வேணும்' என்று சொல்ல வருகிற அந்த வாய்க்காகவும்தான்.

(இதை எழுதியபோது அந்தப் பெரிய எழுத்தாளரின் நினைவு வந்தது. ஏன் என்று ஆராய வேண்டாம். அவர் நலமாக இருக்கட்டும். இன்னொரு விருதும் வரட்டும். ஆண்டவருக்குச் சித்தமானால்.)

8

வீட்டில் அவள் கணவனிடம் கேட்டாள். அவன் பேருந்து ஓட்டுகிறவன். வேலை விட்டு வந்தபின் நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது கால் தானாக அழுத்திக்கொண்டிருக்கும்.

"என்னங்க, நான் பொறாமைக்காரியா?"

"நீயா? சும்மா இரு. நீதான் போதும்மாவாச்சே."

"எனக்கு என்ன வேணும்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

"கேட்டேனே. கல்யாணமான புதுசுல. ஒண்ணும் வேணாம்னுட்ட. நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்." பிறகு, ஏதோ தட்டுப்பட்டவன் மாதிரி, "ஏன், ஏதாவது வேணுமா?" என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். பழக்கம் முந்திக்கொண்டது.

"ஒண்ணும் வேணாம்."

அன்று பாத்திரம் கழுவிய சத்தம் தெருவுக்கே கேட்டது.

9

முடிவுகள். ஆசிரியரிடம் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன்.

முதல் முடிவு: போதும்மா மனம் கசிந்து ஓரகத்திக்காக மறுபடி ஜெபிக்கிறாள். ஜன்னல் ஓரகத்திக்குக் கிடைக்கிறது. போதும்மாவின் முகத்தில் ஒரு தெய்வீகப் புன்னகை…

"அருமை, சார்! இதுவே போட்டுடலாம்."

"அவளுக்குக் கண்ணு தெரியலையே. அதுக்கு என்ன பண்றது?"

"கதைக்குள்ள கண்ணாடி வாங்கிக் குடுத்துடுங்க."

குடுக்கலாம். ஆனால் கண்ணாடி போட்டாலும் குழல்விளக்கின் கீழே கருநீலம் கருநீலமாகத் தெரியாது. அந்த அறையில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்னொரு முடிவு: ஜன்னல் போதும்மாவுக்கே கிடைக்கிறது. மத்தியான வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது. தெருத் தூசி, வண்டி இரைச்சல். 'பழைய இடமே சொர்க்கம்' என்று உணர்கிறாள். இதை நானே அடித்துவிட்டேன். சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்று சொல்லிப் போன நரிக்கு நாம் ஞானி என்று பட்டம் கட்டவில்லை. கிடைத்த பழத்தைப் புளிக்க வைத்து மனநிறைவு தயாரிப்பது கதை எழுதுகிறவர்கள் செய்கிற கலப்படம்.

"அப்ப ஓரகத்திக்கு ஒரு காய்ச்சல் வர வெச்சா?" என்றார் ஆசிரியர். "படுக்கையில கெடக்கறா. இவ போயி கஞ்சி வெச்சுக் குடுக்கறா. பகை தீர்ந்துடுது."

ஒருத்திக்குக் காய்ச்சல் ஏறினால் இன்னொருத்திக்கு அன்பு ஏறும் என்பது நம் கதைகளில் நெடுநாளாக நடக்கும் வைத்தியம். நோயாளியின்மேல் பொறாமைப்பட யாருக்கும் வராது. எழுந்து நடமாடுகிறவளைத் தாங்கிக்கொள்வதுதானே பாடு?

"அப்ப என்னதான் சார் நடந்துச்சு?"

10

நடந்தது இது.

அடுத்த சனிக்கிழமை ஓரகத்தி மறுபடியும் நடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன சகோதரி, புது வேண்டுதலா?" என்றார் போதகர்.

"பழசுதான், ஐயா. போன வாரம் சரியா ஏறல."

"காத்து அடைச்சிருக்கும்" என்றார் போதகர், தொழில் தெரிந்தவராக. "இன்னொரு தடவை திறந்து விட்டா சரியாயிடும்."

போதும்மா எழுந்து வந்தாள். தலையில் கை வைத்தாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவளுக்குத் தெரியும், இன்று 'கொடும்' என்று சொன்னால் கொடுக்கப்படும். தன் வாயாலேயே தன் வெளிச்சத்தை எடுத்து இவளிடம் கொடுத்ததாகிவிடும். 'சித்தமானால்' என்று சொன்னால் தன் மனதில் இருப்பது இவளுக்கும் தெரிந்துவிடும், மேலே கேட்கிறவருக்கும் தெரிந்துவிடும். மனிதர்களிடம் பொய் சொல்லி அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தலையில் கை வைத்துக்கொண்டு, இரண்டாம் தடவை பொய் சொல்ல வரவில்லை.

"ஆண்டவரே, இந்த மகளின்…"

நின்றது.

"ஆண்டவரே, இவளுக்கு, அந்த…"

அதுவும் நின்றது. (இவை நான் பாதியில் விட்ட வாக்கியங்கள் அல்ல. அவள் விட்டவை.)

பிறகு ஜெபத்துக்கென்று வைத்திருந்த குரல் போய், பாத்திரம் கழுவும்போது தனக்குள் பேசுகிற குரல் வந்தது.

"ஆண்டவரே, அந்த ஜன்னல் எனக்கு வேணும்."

"ஆமென்" என்றது அறை, பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. போதகர் இந்தத் தடவை இரண்டையும் திறந்தார். போதும்மா மட்டும் திறக்கவில்லை.

"இவ கேக்கறதுக்கு முன்னாடியிருந்தே எனக்கு வேணும். கறுப்பு எது, நீலம் எதுன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. சொல்ல வெக்கமா இருக்கு. எல்லாரும் போதும்மா போதும்மான்னு கூப்பிடறாங்க, எனக்கு எதுவுமே போதல. வீடு கிடைச்சவங்க வீடும் எனக்கு வேணும்னுதான் இருந்துச்சு. இவளுக்கு அது கிடைச்சா எனக்கு வயிறு எரியும். போன வாரமே எரிஞ்சுது. அதான் அப்படி வளைச்சுச் சொன்னேன்."

லிஃப்ட்டுக்காரர் தரையைப் பார்த்தார். போதகர் "சகோதரி…" என்று ஆரம்பித்தார். இதற்குப் பொருத்தமான குழாய் எதுவும் அவர் பெட்டியில் அகப்படவில்லை.

போதும்மாவின் கைக்குக் கீழே தலை குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்பது உள்ளங்கைக்குத் தெரியவில்லை.

"அப்பாடா" என்றாள் ஓரகத்தி. "இன்னைக்குத்தான் அக்கா நெசமா ஜெபம் பண்ணாங்க."

போதும்மா கையை எடுக்கப் போனாள். ஓரகத்தி அந்தக் கையை மேலே எட்டிப் பிடித்து, இருந்த இடத்திலேயே அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"எங்க போறீங்க? உங்களோடத சொல்லியாச்சு. இப்ப என்னோடதச் சொல்லுங்க."

11

ஆசிரியர் இதுவரை படித்துவிட்டுக் கூப்பிட்டார். "சார், திருந்தினாளா இல்லையா? தெளிவா இல்லையே. இது மனநிறைவு இதழ், சார். இவ எல்லாத்தையும் வேணும் வேணும்ங்கறா."

அவர் கவலை நியாயமானது. நானும் மனநிறைவு என்றால் ஆசையில்லாத ஒரு வெற்றிடம் என்றுதான் நினைத்து எழுத உட்கார்ந்தேன். துடைத்து வைத்த தட்டு மாதிரி. எழுதியதில் தெரியவந்தது வேறு. போதும்மா 'எனக்கு எதுவுமே போதல' என்று சொன்ன அந்த நொடியில்தான் அவள் தோள் முதல்முறையாகத் தளர்ந்து இறங்கியது. யாரிடம் மறைக்க முடியாதோ அவரிடம் மறைத்துக்கொண்டே இருப்பது பெரிய வேலை. அந்த வேலை முடிந்தது. பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. உள்ளேதான் இருக்கிறது. இப்போது அதற்கும் கடவுளுக்கும் அறிமுகம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். மீதியை அவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

மாதக் கடைசியில் சூப்பர்வைசர் யார் பேரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் உடனே ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பீர்கள். இந்தக் கையை விட்டுவிடுவீர்கள்.

கை இன்னும் அங்கேதான் இருக்கிறது. கீழே வெதுவெதுப்பான தலை, மேலே அதைப் பிடித்திருக்கும் இன்னொரு கை. வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் மறுபடி கண்ணை மூடிவிட்டார்கள். போதும்மா மூச்சை இழுத்துக்கொள்கிறாள். இவளுக்காகக் கேட்க வேண்டும், தனக்கு வேண்டிய அதே ஒன்றை, இப்போது, உரக்க.

நான் ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். நல்ல வாக்கியம்தான். அழகாக இருந்தது என்பதே அதன்மேல் சந்தேகம் கொள்ளப் போதுமானது. அடித்துவிட்டேன். வாடகைக்கு எடுத்த வாக்கியத்தை அவள் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கு யாரைத் தெரியுமோ, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, அவர் தலையில் கையை வைத்து, உங்களுக்கு வேண்டியதை அவருக்குக் கேளுங்கள். குரல் நடுங்கினால் பரவாயில்லை. நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறோம். நீங்கள் முடித்ததும் கடைசிச் சொல்லைச் சொல்வது எங்கள் வேலை.